உதவியின் நிபந்தனையைப் படிப்போம்: குமர் காரியமும் கல்லூரிப் படிப்பும்

 

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்து கல்லூரிச் சேர்க்கை நடக்கும் மாதங்களில் நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு இரண்டு வகை மனுக்கள் வருகின்றன. ஒன்று, குமர் காரியத்துக்கு உதவி கேட்டு. மற்றொன்று, கல்லூரிக் கட்டணத்துக்கு உதவி கேட்டு. முதல் வகை எப்போதும் அதிகம், இரண்டாம் வகை குறைவு. சில வீடுகளில் இரண்டு மனுவுக்கும் உரிய பிள்ளை ஒருத்தியேதான். மதிப்பெண் பட்டியல் அலமாரியில் இருக்கும், மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டும் போயிருப்பார்கள்.

இந்த நிலையில் "அரசாங்கம் கல்யாண உதவியை நிறுத்திவிட்டதாமே, அதற்குப் பதிலாக மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறார்களாமே, நம் பிள்ளைக்குக் கிடைக்குமா?" என்று பலர் கேட்கிறார்கள். அதற்கு ஒற்றை வரியில் பதில் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. அந்த உதவி எப்படித் தொடங்கியது, யார் தொடங்கினார்கள், ஏன் மாறியது, நாம் அதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை இந்த இதழின் பாடமாக எழுதுகிறோம். நமது அறக்கட்டளை எந்தக் கட்சியையும் சார்ந்ததல்ல. ஓர் அரசியல் தலைவரின் பெயர் வருவதால் இது ஓட்டுக் கேட்கும் கட்டுரை ஆகிவிடாது.

நிபந்தனைதான் கொள்கை

ஒரு தலைவர் குடும்பத்தைப் பற்றியும் குழந்தையைப் பற்றியும் உண்மையில் என்ன நினைக்கிறார் என்பதை மேடைப் பேச்சில் தேட வேண்டியதில்லை. அவர் கொண்டுவந்த உதவித் திட்டத்தின் நிபந்தனைகளைப் படித்தால் போதும். பணம் யாருக்கு, எந்த வயதில், எதைச் செய்தால் கிடைக்கும் என்ற மூன்று கேள்விகளுக்கும் கிடைக்கும் பதில்தான் அவருடைய கொள்கை. அரசுக்கு மட்டுமல்ல, ஜமாஅத்துக்கும் பைத்துல்மாலுக்கும் நம் அறக்கட்டளைக்கும் இதே அளவுகோல்தான்.

திருக்குவளையும் மூவலூரும்

கலைஞர் மு.கருணாநிதி 1924 ஜூன் 3 அன்று திருக்குவளையில் பிறந்தார். அது அன்று பழைய தஞ்சை மாவட்டம், இன்று நாகப்பட்டினம் மாவட்டம். பள்ளிப் படிப்பு திருவாரூரில். 1957-ல் காவிரிக்கரையில் உள்ள குளித்தலையிலிருந்தும், 1962-ல் தஞ்சாவூரிலிருந்தும் சட்டமன்றம் சென்றார். ஐந்து முறை முதலமைச்சராக இருந்தார். 2018 ஆகஸ்ட் 7 அன்று மறைந்தார். அவரோடு உடன்பட்டவர்களும் முரண்பட்டவர்களும் நம் மஹல்லாக்களில் உண்டு. இங்கே நாம் பார்க்கப்போவது பெண்கள், குழந்தைகள் பற்றிய அவருடைய நிலைப்பாடுகளை மட்டும்தான்.

அவருடைய பெண்கள் நலத் திட்டங்களோடு சேர்ந்து வழங்கும் பெயர்களைக் கவனித்தால் நம் பகுதியின் வரலாறே தெரியும். விதவை மறுமண உதவித் திட்டம் 1975-ல் தொடங்கியது. அது டாக்டர் தருமாம்பாள் அம்மையாரின் பெயரைத் தாங்குகிறது. அவர் தஞ்சாவூரை ஒட்டிய கருந்தட்டாங்குடியில் பிறந்தவர். ஏழைப் பெண்களின் திருமண உதவித் திட்டம் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் பெயரில் 1989-ல் வந்தது. மூவலூர் என்பது மயிலாடுதுறைக்குப் பக்கத்து ஊர். அந்த அம்மையார் 1883 முதல் 1962 வரை வாழ்ந்தவர். சிறு பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை எதிர்த்துத் தன் வாழ்நாளெல்லாம் போராடியவர். அந்த வழக்கத்துக்குத் தடை விதிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல் வந்தது. தன் வாழ்க்கை எப்படி அமைய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் வயது வருமுன்னே ஒரு பெண்ணின் வாழ்க்கையை மற்றவர்கள் முடித்துவைப்பது அநீதி என்பதே அவருடைய வாதம். அவருடைய பெயர் ஒரு திருமண உதவிக்கு வைக்கப்பட்டதன் பொருள், அதன் நிபந்தனையைப் பார்க்கும்போது விளங்கும்.

1989-ன் நிபந்தனை

அந்தத் திட்டம் ஏழைக் குடும்பத்துப் பெண்ணின் திருமணத்துக்கு 5,000 ரூபாய் கொடுத்தது. அன்றைய விலைவாசியில் அது பெரிய தொகை. ஆனால் ஏழை என்பது மட்டும் போதாது. பெண் எட்டாம் வகுப்பு வரை படித்திருக்க வேண்டும், 18 வயது நிறைந்திருக்க வேண்டும்.

இந்த இரண்டும் சாதாரண நிபந்தனைகள் போலத் தோன்றலாம். அன்று டெல்டா கிராமங்களில் நடந்தது என்ன? ஐந்தாம் வகுப்பு உள்ளூரில் இருக்கும். ஆறாம் வகுப்புக்கு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். பெண் பிள்ளை வயதுக்கு வந்ததும் படிப்பு நின்றுவிடும். நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று வயலுக்குப் போகும் வீடுகளிலும் நின்றது. சபுராளிகளின் வசதியான வீடுகளிலும் நின்றது. கல்யாணச் செலவை நினைத்துப் பயந்த தகப்பனிடம், "எட்டாம் வகுப்பு முடிக்க விடுங்கள், பதினெட்டு வரை பொறுங்கள், செலவில் ஒரு பங்கை நாங்கள் தருகிறோம்" என்று அந்தத் திட்டம் பேசியது. தகப்பன் எதற்குப் பயந்தாரோ அதையே பள்ளிக்கூடத்துக்குத் தூண்டுகோலாக ஆக்கியது.

பின்னர் தொகை படிப்படியாக ஏறி 25,000 ரூபாய் ஆனது. கல்வித் தகுதியும் பத்தாம் வகுப்பாக ஏறியது. பணம் கூடும்போது படிப்பின் அளவும் கூட வேண்டும் என்ற ஒழுங்கு அதில் இருந்தது.

அவருடைய மற்ற நிலைப்பாடுகளும் இதே திசையில்தான் இருந்தன. சத்துணவில் முட்டை 1989-ல் சேர்க்கப்பட்டது, 2010-ல் அது வாரத்துக்கு ஐந்து முட்டை ஆனது. அதே 1989-ல் இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை தரும் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் வந்தது. இந்திய அளவில் அது வர 2005 ஆனது. அந்தச் சட்டம் நமக்குப் பொருந்தாது. ஆனாலும் நாம் யோசிக்க வேண்டிய ஒன்று அதில் உண்டு. நம் மார்க்கத்தில் பெண்ணின் பங்கு பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே நிர்ணயிக்கப்பட்டுவிட்டது. அப்படியிருந்தும் "கல்யாணத்தில்தான் எல்லாம் கொடுத்தாயிற்றே" என்று சொல்லிச் சகோதரியிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் மறையவில்லை. கல்யாணச் செலவு ஒருபோதும் வாரிசுப் பங்குக்கு ஈடாகாது.

2007-ல் முஸ்லிம்களுக்குக் கல்வியிலும் அரசு வேலையிலும் 3.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்ததும், 2010-ல் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை வந்ததும் அவருடைய ஆட்சியில்தான். இந்த இரண்டையும் நம் பிள்ளைகள் இன்னும் முழுதாகப் பயன்படுத்தவில்லை. சாதிச் சான்றிதழில் எந்தப் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது என்பதையே கவுன்சிலிங் சமயத்தில்தான் பல பெற்றோர் பார்க்கிறார்கள்.

மற்றவர்களின் நிபந்தனைகள்

ஒப்பிட்டுப் பார்த்தால் பாடம் இன்னும் தெளிவாகும். 1992-ல் முதலமைச்சர் ஜெயலலிதா தொட்டில் குழந்தைத் திட்டத்தையும் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தையும் கொண்டுவந்தார். பெண் சிசுக் கொலை நடந்த காலத்தில் அவை பல உயிர்களைக் காத்தன. பாதுகாப்புத் திட்டத்தில் பெண் குழந்தையின் பெயரில் அரசு வைப்புத்தொகை போடும். பிள்ளை பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி, 18 வயது நிறைந்த பிறகே பணம் கைக்கு வரும். இது நல்ல நிபந்தனை. ஆனால் அதனுடன் இன்னொன்றும் உண்டு. குடும்பத்தில் ஆண் குழந்தை இருக்கக் கூடாது, பெற்றோரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்திருக்க வேண்டும். நம் வீடுகள் பெரும்பாலும் இந்த வாசலிலேயே திரும்பிவிட்டன.

2011-ல் மீண்டும் ஆட்சிக்கு வந்தபோது அவர் திருமண உதவியை விரிவாக்கினார். பத்தாம் வகுப்புப் படித்த பெண்ணுக்கு 25,000 ரூபாய், பட்டம் அல்லது பட்டயம் பெற்றவருக்கு 50,000 ரூபாய், இருவருக்கும் 4 கிராம் தங்கம். 2016-ல் தங்கம் 8 கிராம் ஆனது. தாலிக்குத் தங்கம் என்று சொல்லப்பட்டாலும் எல்லா மதத்தினருக்கும் கிடைத்தது. பட்டம் பெற்றவளுக்கு இரு மடங்கு என்பதில் படிப்புக்குக் கொடுத்த மதிப்பு இருந்தது. ஆனாலும் பணமும் பொன்னும் கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகுதான் வரும்.

இதற்கு நேர் எதிரான குரலும் இப்போது கேட்கிறது. 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் நடந்த ஒரு திருமண விழாவில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின், முன்பு நிதானமாகப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்னோம், இப்போது அப்படிச் சொல்ல முடியாத நிலை வந்துவிட்டது என்ற பொருளில் பேசினார். மக்கள்தொகையை வைத்து நாடாளுமன்றத் தொகுதிகளைப் பிரித்தால், குடும்பக் கட்டுப்பாட்டை நன்றாகச் செயல்படுத்திய தமிழ்நாடு தொகுதிகளை இழக்கும் என்பது அவருடைய கவலை. ஒரு காலத்தில் எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்ன அரசியல், இன்னொரு காலத்தில் கூட்டச் சொல்கிறது. நாம் எண்ணிக்கைக் கணக்கில் விழ வேண்டாம். அல்லாஹ் தந்த பிள்ளை ஒன்றோ ஐந்தோ, அந்தப் பிள்ளையின் வயிறும் படிப்பும் நம் கையில் உள்ள அமானிதம். பிள்ளை பட்டினியாகப் பள்ளிக்குப் போகக் கூடாது என்பதில் மட்டும் காமராஜர் முதல் இன்று வரை எல்லாத் தலைவர்களும் ஒன்றுபட்டிருக்கிறார்கள். 1982-ல் எம்.ஜி.ஆர் சத்துணவை விரிவாக்கினார். 2023 ஆகஸ்ட் 25 அன்று அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் காலை உணவு விரிவாக்கப்பட்டதும், கலைஞர் படித்த திருக்குவளைப் பள்ளியில்தான் தொடங்கியது.

2022-ல் நடந்த மாற்றம்

2022 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட நிதிநிலை அறிக்கையில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், அதே அம்மையார் பெயரில் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டது. 2022 செப்டம்பர் 5 அன்று "புதுமைப் பெண்" என்ற பெயரில் அது தொடங்கியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரியில் சேர்ந்த பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் படிப்பு முடியும் வரை வரும்.

இந்த மாற்றத்தைப் பலர் வரவேற்றார்கள், சிலர் வருந்தினார்கள். இரண்டிலும் நியாயம் உண்டு.

வருந்தியவர்கள் பக்கம் முதலில் வருவோம். மூன்றாண்டுப் பட்டப் படிப்புக்கு மாதம் 1,000 ரூபாய் என்றால் மொத்தம் 36,000. பழைய திட்டத்தில் பட்டம் முடித்த மணப்பெண்ணுக்கு 50,000 ரூபாயும் 8 கிராம் தங்கமும் கிடைத்தன. வெறும் கூட்டல் கணக்கில் பழையதே பெரிது. கல்லூரிக்குப் போகாத ஏழைப் பெண்ணுக்குப் பழையதில் 25,000 ரூபாயும் தங்கமும் இருந்தன, புதியதில் ஒன்றும் இல்லை. தனியார் பள்ளியில் கடன் வாங்கிப் படிக்க வைத்த ஏழைக் குடும்பத்துக்கும் ஒன்றும் இல்லை.

இனி மறுபக்கம். பழைய பணம் படிப்பு முடிந்த பிறகு வருவது. முதல் செமஸ்டர் கட்டணம் கட்ட முடியாமல் வீட்டில் இருந்துவிட்ட பெண்ணுக்கு அந்த 50,000 எட்டாக் கனி. புதிய பணம் படிக்கும்போதே, மாதா மாதம், அவள் பெயரில் உள்ள கணக்குக்கே வருகிறது. புத்தகத்துக்கும் விடுதிக்கும் அத்தாவிடம் கையேந்த வேண்டியதில்லை. "எதற்கு வீண் செலவு" என்று வீட்டில் பேச்சு எழும்போது, அந்த ஆயிரம் ரூபாய் அவள் பக்கம் நின்று பேசும்.

கல்யாண நாளில் நின்ற உதவி, கல்லூரி வாசலுக்கு நகர்ந்திருக்கிறது. 1989-ல் படிப்பு என்பது கல்யாணப் பணத்துக்கான நிபந்தனை. 2022-ல் கல்யாணம் என்ற சொல்லே திட்டத்தில் இல்லை. மூவலூர் அம்மையாரின் பெயருக்கு இதுவே கூடுதலாகப் பொருந்துகிறது என்பது எங்கள் கருத்து.

ஒரு முக்கியச் செய்தி: மாற்றப்பட்டது இந்த ஒரு திட்டம் மட்டும்தான். ஏழை விதவையரின் மகள் திருமணத்துக்கான ஈ.வெ.ரா. மணியம்மையார் நினைவுத் திட்டம், ஆதரவற்ற பெண்களுக்கான அன்னை தெரசா நினைவுத் திட்டம், விதவை மறுமணத்துக்கான தருமாம்பாள் அம்மையார் நினைவுத் திட்டம் ஆகியவை அப்போது நிறுத்தப்படவில்லை. கணவனை இழந்து பிள்ளைகளோடு நிற்கும் சகோதரிகள் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். "எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு அவர்கள் பேசாமல் இருந்துவிடக் கூடாது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் நேரில் விசாரிக்க வேண்டும், திருமணத்துக்குப் போதிய நாட்கள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

ஆறாம் வகுப்பிலேயே முடிவாகும் விஷயம்

இப்போது, நம் பிள்ளைக்குக் கிடைக்குமா என்ற கேள்விக்கு வருவோம். சாதி, மதம் பார்க்கப்படுவதில்லை, வருமான வரம்பும் இல்லை. பார்க்கப்படுவது பள்ளிக்கூடம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. 2024 டிசம்பர் 30 முதல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் இது விரிவாக்கப்பட்டது. ஆண் பிள்ளைகளுக்கு இதே போன்ற "தமிழ்ப் புதல்வன்" திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கியது.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? வளைகுடாவிலிருந்து பணம் வரும் வரை பிள்ளை ஆங்கில வழித் தனியார் பள்ளியில் படிக்கிறது. அத்தாவுக்கு வேலை போய் ஊர் திரும்பினால், அல்லது கட்டணம் ஏறினால், ஒன்பதிலோ பதினொன்றிலோ அரசுப் பள்ளிக்கு மாற்றுகிறோம். அப்படி மாறி நல்ல மதிப்பெண் எடுத்த ஒரு பிள்ளை, கல்லூரியில் சேர்ந்த பிறகு தன் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்று எங்களிடம் வந்து நின்றது. ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று ஆண்டுகள் தனியார் பள்ளியில் என்பதே காரணம். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் பதிவில் ஒவ்வோர் ஆண்டும் எந்தப் பள்ளி என்பது இருக்கும். அங்கே இரக்கத்துக்கு இடமில்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை இலவசமாகப் படித்துவிட்டு, ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு.

மாதம் ஆயிரம் ரூபாயோடு இது முடிந்துவிடவும் இல்லை. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கு 2021-ல் வந்தது. அதற்கும் அளவுகோல் ஏறத்தாழ இதே ஆறு முதல் பன்னிரண்டு. ஆகவே ஐந்தாம் வகுப்பு முடியும்போது எந்தப் பள்ளி என்று நாம் எடுக்கும் முடிவு, ஏழாண்டு கழித்துக் கல்லூரி வாசலில் வந்து நிற்கிறது. தனியார் பள்ளி கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. பிளஸ் டூ வரை கட்டணம் கட்டும் வசதி உறுதியாக இருக்கிறதா என்று ஐந்தாம் வகுப்பிலேயே கணக்குப் போடுங்கள் என்கிறோம். பாதியில் மாற்றுவதுதான் பெரிய இழப்பு.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அஞ்சல் வழியிலும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் படிப்பவர்களுக்குப் புதுமைப் பெண் கிடையாது. நம் பகுதியில் நிஸ்வான் மதரஸாவில் ஆலிமா படித்துக்கொண்டே அஞ்சல் வழியில் பட்டம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டு கல்வியையும் ஒருங்கே சுமக்கும் அவர்கள் எந்தத் திட்டத்திலும் வராமல் நடுவில் விடுபட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு நாம்தான் பொறுப்பு.

வயதும் பக்குவமும்

"நல்ல வரன் வரும்போது முடித்துவிட வேண்டும், படிப்பு எங்கே ஓடிப்போகிறது" என்ற பேச்சை அடிக்கடி கேட்கிறோம். சட்டத்தின் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். 2006-ன் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது. அதற்குக் குறைந்த வயதில் நடக்கும் திருமணத்தை நடத்தி வைப்பவருக்கும் பெற்றோருக்கும் இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இந்தச் சட்டம் முஸ்லிம்களுக்கும் பொருந்தும் என்று 2015-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. 18 நிறையாத மனைவியுடன் உறவு கொள்வது குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் கூறியது. அந்த வயதுப் பெண் கர்ப்பமாகி மருத்துவமனைக்குப் போனால் மருத்துவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மாப்பிள்ளை போக்சோ வழக்கில் சிறைக்குப் போன பிறகு "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்வதில் பயனில்லை. மகப்பேறு உதவிக்கான டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி திட்டத்திலும் தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது.

மார்க்கம் என்ன சொல்கிறது என்பதையும் பார்ப்போம். அந்நிஸா அத்தியாயத்தின் ஆறாம் வசனம், அநாதைகள் திருமணப் பருவத்தை அடைந்ததும் அவர்களிடம் பக்குவம் தெரிகிறதா என்று சோதித்துப் பார்த்த பிறகே சொத்தை அவர்களிடம் ஒப்படைக்கச் சொல்கிறது. வயது மட்டும் போதாது, நன்மை தீமை பிரித்தறியும் "ருஷ்த்" வேண்டும். பொருளை நிர்வகிக்கவே பக்குவம் வேண்டுமென்றால், ஒரு குடும்பத்தை நிர்வகிக்க எவ்வளவு வேண்டும்? அதே அத்தியாயத்தின் நான்காம் வசனம், மஹரைப் பெண்ணுக்கு மனமுவந்து கொடுக்கச் சொல்கிறது. மாப்பிள்ளை கொடுக்க வேண்டிய இடத்தில் பெண்ணைப் பெற்றவன் கைக்கூலி கொடுக்கிறான். அதற்கு ஊர் ஊராய்ப் போய் வசூல் செய்கிறான். நாமும் அந்த வசூலில் ஒரு பங்கு கொடுத்துவிட்டு நன்மை செய்ததாக நினைக்கிறோம்.

நம் குமர் நிதியின் நிபந்தனை

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அளவுகோலை இப்போது நம் பக்கம் திருப்புவோம். குமர் நிதியில் நாம் கேட்பது மூன்று சான்றுகள்: பள்ளிவாசல் கடிதம், குடும்ப அட்டை, பெண்ணின் வயதுச் சான்று. பிள்ளை என்ன படித்தாள், மேலே படிக்க விரும்பினாளா என்ற கேள்வி நம் படிவத்தில் இல்லை. அப்படியானால் நம் நிபந்தனை சொல்லும் கொள்கை என்ன? கல்யாணம் வரும் வரை இந்தப் பிள்ளைக்கு நாங்கள் எதுவும் தரமாட்டோம் என்பதுதானே?

ஜகாத் பணம் குமர் காரியத்துக்குத்தான் என்று சிலர் எழுதிக் கொடுக்கிறார்கள். அத்தவ்பா அத்தியாயத்தின் அறுபதாம் வசனம் ஜகாத்துக்கு உரியவர்களை எட்டு வகையாகச் சொல்கிறது. அதில் மணப்பெண் என்று ஒரு வகை இல்லை. ஏழை, வறியவர் என்ற வகை இருக்கிறது. ஏழைக் குமருக்கு நாம் கொடுப்பது அவள் ஏழை என்பதால். அதே ஏழ்மை அவளுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பும் இருந்தது. அப்போது கொடுத்திருந்தால் அது கல்லூரிக் கட்டணமாக இருந்திருக்கும்.

நிர்வாகக் குழு கீழ்க்கண்டவற்றை ஆலோசனைக்கு வைக்கிறது. அடுத்த பொதுக் கூட்டத்தில் ஜமாஅத்தார் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுகிறோம்.

முதலாவது, குமர் நிதியை நிறுத்தக் கூடாது. வயது கடந்து, வசதியின்றி வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் கண்ணீர் எங்களுக்குத் தெரியும். ஆனால் கைக்கூலி கேட்கும் நிகாஹுக்கு நம் நிதி போகக் கூடாது. மாப்பிள்ளை வீட்டாரும் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் வேண்டும்.

இரண்டாவது, நிதியில் ஒரு பாதியைப் படிக்கும் பெண்களுக்கென்று தனியே ஒதுக்க வேண்டும். அரசுத் திட்டத்தில் வருபவர்களை அங்கே சேர்த்துவிட்டு, வராதவர்களுக்கு, குறிப்பாக ஆலிமா படிப்போடு பட்டம் படிப்பவர்களுக்கும் பாதியில் பள்ளி மாறியவர்களுக்கும், நாம் மாதா மாதம் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, குமர் மனுவுடன் வரும் பிள்ளை மேலே படிக்க விரும்பினால், அந்தத் தொகையைக் கல்லூரிக் கட்டணமாக மாற்றிக்கொள்ளும் உரிமை அவளுக்கு இருக்க வேண்டும். அவளுடைய விருப்பத்தை நம் மகளிர் குழுவினர் தனியே அமர்ந்து கேட்க வேண்டும்.

தஞ்சை குந்தவை நாச்சியார் அரசு மகளிர் கல்லூரி, கும்பகோணம் அரசு மகளிர் கலைக் கல்லூரி, அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரி என்று நம் பகுதியில் கல்லூரிக்குக் குறைவில்லை. நம் வீட்டிலிருந்து அங்கே போகும் வழிதான் அடைபட்டிருக்கிறது.

பெற்றோர் செய்ய வேண்டியவை

1. ஐந்தாம் வகுப்பு முடியும்போது, பிளஸ் டூ வரையிலான கட்டணத்தைக் கணக்கிட்டுப் பள்ளியை முடிவு செய்யுங்கள்.

2. சாதிச் சான்றிதழில் உங்கள் பிரிவு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்று சரியாகப் பதிவாகியுள்ளதா என்று இப்போதே பாருங்கள். வீட்டில் யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழும் வாங்கி வையுங்கள்.

3. பிள்ளையின் பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும். பெற்றோர் கணக்கு உதவாது.

4. கல்லூரியில் சேர்ந்த உடனே புதுமைப் பெண் திட்டத்துக்குப் பொறுப்பான ஆசிரியர் யார் என்று கேட்டு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஆண் பிள்ளைக்குத் தமிழ்ப் புதல்வன்.

5. சிறு வயதுத் திருமண ஏற்பாடு காதில் விழுந்தால், முதலில் அந்த வீட்டாரிடம் அன்பாகப் பேசுங்கள். கேட்கவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். அது காட்டிக்கொடுப்பது ஆகாது, ஒரு பிள்ளையைக் காப்பது.

மகளிர் கூட்டத்தில் பேசுவதற்கு

நம் தெருவில் பிளஸ் டூ முடித்த பெண் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் கல்லூரி போகிறவர்கள் எத்தனை பேர்? போகாதவர்கள் நின்றதற்குக் காரணம் பணமா, பயமா, பழக்கமா? பணம் என்றால் அதை நாம் திரட்டலாம். பயம் என்றால் நாலு பிள்ளைகளைச் சேர்த்து ஒன்றாக அனுப்பலாம். பழக்கம் என்றால் அதை மாற்ற வேண்டியவர்கள் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள்தான்.

ஆட்சிகள் மாறும், திட்டங்களின் பெயர்கள் மாறும், தொகை ஏறும் இறங்கும். அதற்கெல்லாம் நாம் பொறுப்பில்லை. நம் கையில் உள்ள நிதி எந்த வாசலில் நிற்கிறது என்பதற்கு நாளை மறுமையில் நாம் பதில் சொல்ல வேண்டும். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயன் தரும் கல்வியையும், நல்ல துணையையும், நமக்கு நேர்மையான முடிவெடுக்கும் துணிவையும் தந்தருள்வானாக. ஆமீன்.